வெள்ளை உடுத்தி வந்த படை

வெள்ளை, எங்கு பார்த்தாலும் வெள்ளை, தேர்க்கொடிகள் வெள்ளை, குதிரைகளின் கழுத்தில் கட்டிய துணி வெள்ளை, மதில்மேல் நின்று பார்க்கிறேன், லின் நாட்டுப் படை, என் அப்பாவின் படை, துக்க உடையில் வந்திருக்கிறது, இறந்தது யார் என்று கேட்டேன், ஷௌ நாட்டு அமைச்சர் தெங் என் முகத்தைப் பார்க்காமல், நீங்கள்தான் இளவரசே என்றார், நாங்கள் உங்களைக் கொன்றுவிட்டோமாம், பழிவாங்க வந்திருக்கிறார்களாம், உங்கள் முகத்தைக் காட்டுங்கள், உயிரோடு இருப்பது தெரிந்தால் திரும்பிப் போய்விடுவார்கள்.

நானும் அப்படித்தான் நம்புகிறேன், நம்பிக்கைக்கு என்ன குறைச்சல், ஒன்பது வயதில் ஆற்றங்கரையில் ஷௌ நாட்டாரிடம் என்னைப் பிணையாக ஒப்படைத்தபோதும் நம்பினேன், லின் உடன்படிக்கையை மீறினால் என் தலை போகும், பிணை என்றால் அதுதான், இரண்டே அறுவடை, அப்புறம் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியபடி அப்பா என் இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிவிடுகிறார், அவர் விரல்கள் நடுங்குகின்றன, பத்தொன்பது அறுவடை ஆயிற்று, அந்த நடுக்கத்தை வைத்தே இத்தனை காலத்தையும் ஓட்டிவிட்டேன், வசந்தம்தோறும் லின்னிலிருந்து தூதர் குவோ எள்ளுருண்டையோடு வருவார், நான் மூச்சுவிடுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார், அப்பா என்ன சொன்னார் என்று கேட்டால், மன்னருக்கு வேலை அதிகம் என்பார், போன வசந்தத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை, நானும் பயன்படுவேன் என்று அப்பாவுக்குத் தெரியட்டுமே, வெள்ளத்தில் வடக்கு மதில் சரிந்துவிட்டது, சேறும் வைக்கோலும் பூசி மறைத்திருக்கிறார்கள் என்றேன், குவோ கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்தார், எத்தனை முழம் என்றார், என்னிடம் அவர் அக்கறையோடு கேட்ட முதல் கேள்வி, அறுபது முழம் என்றபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் மனைவி ஷுவான் இந்த ஊர்க்காரி, அன்று ராத்திரி வீட்டில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொல்கிறாள், அந்த மதிலுக்குள்ளதானே நாமளும் இருக்கோம், அத ஏன் அவர்கிட்ட சொன்னீங்க, அப்பா வரப்போகிறார் என்றேன், வருவாரு, உங்களக் கூட்டிட்டுப் போகவா வருவாரு என்றாள், என் அப்பாவைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கத்தினேன், எனக்குத்தான் என்ன தெரியும், வெறும் ஒன்பது வருடப் பழக்கம்.

கையை உயர்த்துகிறேன், அப்பா என்று கூப்பிடுகிறேன், முன்தேரில் நிற்கிறார், நரைத்துவிட்டது, பக்கத்தில் குவோ என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார், அப்பா மட்டும் வெகுநேரம் பார்க்கிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், தெரிந்துவிட்டது, என்னை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, விளிம்புவரை போகிறேன், அப்பாவோ, என் மகனைக் கொன்றதும் அல்லாமல் அவனைப் போல ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று படை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார், குரல் உடைகிறது, நிஜமாகவே அழுகிறார், இப்படி ஒருவர் எனக்காக அழ வேண்டும் என்றுதானே பத்தொன்பது வருடம் ஏங்கினேன், ஷுவான் சொன்னது சரி, அதை அவளிடம் சொல்லக்கூட நேரமில்லை, அவளும் குழந்தையும் வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறார்கள், கீழே வில்லாளிகளின் வெள்ளைக் கைகள் ஒன்றாக உயர்கின்றன, அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.