சாய்ரா எஜேயின் நெட்வொர்க் கார்டு

மொத்தம் அறுபத்து மூன்று நெட்வொர்க் கார்டுகளுக்கு, அவற்றை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை ஏற்றினேன். அறுபத்தொன்றில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. மீதி இரண்டைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஏப்ரலில் எங்கள் ஊரான தொக்மோக்கில் பெரிய இடி இறங்கியது. எங்கள் கம்பெனியைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அடித்தள அறை, எல்லோரும் பைகே, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் கானிபேக் என்ற முதலாளி, அப்புறம் நான். ஐந்து மாடிக் குடியிருப்புகளில் கூரைக்குக் கூரை கம்பி இழுத்து வீடுகளுக்கு இணையம் கொடுத்தோம். எர்த் போடலாம் என்று நான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இடி என்ன, நம்ம விலாசத்தை விசாரிச்சுக்கிட்டா வரப்போகுது?" என்பார் பைகே. விசாரித்துக்கொண்டுதான் வந்தது. ஒரே சாயங்காலத்தில் அறுபத்து மூன்று வீட்டுக் கணினிகளில் கம்பி செருகும் துளை கருகிப்போனது.

பைகே கண்டெய்னர் சந்தைக்குப் போய்ப் பழைய நெட்வொர்க் கார்டுகளை ஒரு மூட்டை அள்ளிக்கொண்டு வந்தார். எங்கெங்கோ மூடிப்போன அலுவலகங்களில் கழற்றியவை. மேலே ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சிப் வேறு. பாதிக்கு டிரைவர் மென்பொருள் தேடியே கண் பூத்துப்போனது. பழைய ஃபர்ம்வேரோடு மாட்டினால், கணினி ஆன் ஆனதும் எங்கோ இல்லாத ஒரு சர்வரைத் தேடிக்கொண்டு இரண்டு நிமிஷம் கறுப்புத் திரையில் நிற்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் புதியதை எழுத வேண்டும். எழுதும்போது நடுவில் கரண்ட் போனால் கார்டு செங்கல், தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது.

இன்னொரு வேலையும் அதோடு சேர்ந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் பிறக்கும்போதே ஓர் எண் உண்டு, வண்டிக்கு சேஸிஸ் நம்பர் இருப்பதைப் போல. எந்த எண் எந்த வீடு என்று பைகே ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் ஒரு வரியைத் திருத்தினால்கூட முழு நெட்வொர்க்கையும் நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். அப்போது ஊரே போன் போட்டு எங்கள் அம்மாக்களை விசாரிக்கும். "பட்டியல்ல கை வைக்காத. கார்டோட நம்பரை மாத்து," என்றார் பைகே. ஆகவே கருகிய கார்டின் எண்ணையே புதிதாக மாட்டும் கார்டில் எழுதினோம். வண்டிக்குச் செய்தால் அதற்குத் திருட்டு என்று பெயர். நாங்கள் வசதி என்று சொன்னோம்.

மே நடுவில், ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், எங்கள் நெட்வொர்க்கின் அரட்டைப் பக்கத்தில் கேள்வித்தாள் முழுசாக வந்து உட்கார்ந்தது. மாவட்டம் முழுக்கத் தேர்வு ரத்தானது. இரண்டாம் நாள் பள்ளியின் ஹெச்.எம். எங்கள் அடித்தளத்துக்கே படியிறங்கி வந்தார். தாளைப் போட்டவரின் கார்டு எண் அரட்டைப் பக்கத்திலேயே பதிவாகியிருந்தது. பைகே பட்டியலைத் திறந்து, அந்த எண்ணைத் தேடி விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார்.

"நூத்திப் பதினாலு. சாய்ரா. நாலாம் நம்பர் கட்டடம்."

"சாய்ராவா? எங்க கணக்கு டீச்சரா? நல்லாப் பாத்து சொல்லுங்க கானிபேக்."

"மனுஷன்தான் பொய் சொல்லுவான் மேடம். நம்பர் சொல்லாது."

அந்த வாக்கியத்தைச் சொன்னபோது பைகேயின் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதையும் மறக்கவில்லை.

சாய்ரா எஜே இருபத்தாறு வருஷமாக அந்தப் பள்ளியில் கணக்கு நடத்துபவர். ஊரில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் எஜேதான், அக்காதான். கணவர் இல்லை, தனியாள். கேள்வித்தாள் வந்த சாயங்காலம் கெமின் ஊரில் ஒரு வருஷத் திதி விருந்துக்குப் போயிருந்ததாகவும் வீடு பூட்டிக் கிடந்ததாகவும் சொன்னார். விருந்துக்குப் போகிறவர் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாமே என்றார்கள். காசு வாங்கியிருப்பார் என்றும் பேச ஆரம்பித்தார்கள். விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று கடிதம் போனது. குற்றம் உறுதியானால் வேலை போகும், அதன் பிறகு எந்தப் பள்ளியும் சேர்க்காது.

இத்தனைக்கும் அவர் எங்களுக்குப் போன் செய்தது வேறு விஷயத்துக்காக. சாயங்காலமானால் இணையம் விட்டு விட்டு வருகிறதாம். ஒரு சாயங்காலம் நான் போனேன்.

"வா ஜூமார்ட். எல்லாரும் படியில என்னைப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கறாங்க. நெட்டும் திருப்பிக்குது."

"கம்பியில கோளாறா இருக்கும் எஜே. பாக்கறேன்."

கம்பியில் கோளாறில்லை. கார்டிலிருந்து கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பைகேக்குப் போன் போட்டேன். நூற்றுப் பதினான்கைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். எங்கள் அறையிலிருந்து ஓர் எண்ணைக் கூப்பிட்டால், அந்தக் கார்டு இணைப்பில் இருந்தால் பதில் அனுப்பும். பிடுங்கிப் போட்ட கார்டு எப்படி அனுப்பும்?

"பதில் வருதேடா," என்றார் பைகே.

"மறுபடி பாருங்க. கம்பி என் கையில இருக்கு."

"வருதுடா. வரிசையா வருது."

என் மரமண்டைக்கு உடனே ஏறவில்லை. ஏறியதும் சந்தோஷம்தான் வந்தது, அதுதான் அசிங்கம். புதிர் அவிழ்ந்த சந்தோஷத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "எஜே! உங்க நம்பர் ஊர்ல இன்னொரு இடத்துல உயிரோட இருக்கு! ரெண்டு கார்டுல ஒரே நம்பர். அந்தக் கேள்வித்தாளைப் போட்டது நீங்க இல்ல!"

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும் நான் இல்லைனு," என்றார். "அடுத்தவங்களுக்குத் தெரியணுமே."

"தெரியும் எஜே. கம்பியப் பிடுங்கிக் காமிச்சாப் போதும்."

திரும்பி வரும் வழியிலேயே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. ஏப்ரலில் அவருடைய கார்டை எழுதி முடித்ததும் கரண்ட் போனது. வந்ததும் அடுத்த கார்டை மாட்டினேன். எண்ணை மாற்றாமல் அப்படியே எழுதிவிட்டேன். அந்த அடுத்த கார்டு ஒன்பதாம் நம்பர் கட்டடத்தில், மாவட்டக் கல்வி அலுவலகத்து ஓமுர்பேக் வீட்டுக்குப் போனது. கேள்வித்தாள்களைத் தயாரிக்கிற அதிகாரி. அவருக்கு நாங்கள் கொடுப்பது இலவச இணைப்பு, ஆகவே பட்டியலில் அந்த வரியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மகள் ஒன்பதாம் வகுப்பு.

பைகே நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்ட சொன்ன?"

"எஜேகிட்ட. ரெண்டு கார்டுன்னு மட்டும். எங்கன்னு சொல்லல."

"நாக்க அறுத்துக் கூரைக் கம்பில தொங்க விடணும்டா உன்ன. பதினோரு பள்ளிக்கூடத்துக்கு நெட் இழுக்கற வேலை யார் கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு? ஓமுர்பேக் கையெழுத்துக்கு. நீ அவர் பொண்ணப் பிடிச்சுக் குடுக்கப் போறியா?"

"அந்தம்மா வேலை போகுது பைகே."

"போகட்டும்னா சொல்றேன்? நிரூபிக்க முடியாம தானா அடங்கிரும். சரி, சொல்லலாம். என்னன்னு சொல்லுவ? கார்டோட நம்பர அழிச்சு வேற நம்பர் எழுதினது யாருன்னு கேப்பாங்க. போலீஸ்ல கேப்பாங்க. கை யாருது? என்னுதா, உன்னுதா?"

என் கைதான். பைகே சொன்னதற்குத் தலையாட்டினேன். இதற்கு நியாயம், குடும்பம், கடமை என்று நான் பிற்பாடு எத்தனையோ பெயர் வைத்துப் பார்த்திருக்கிறேன். பயம் என்பதைத் தவிர எதுவும் பொருந்தவில்லை.

இதற்குள் சாய்ரா எஜே சும்மா இருக்கவில்லை. நேராக ஹெச்.எம்.மிடம் போய், என் வீட்டுக்கு வாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே கம்பியைப் பிடுங்குகிறேன், என் எண் பதில் சொல்கிறதா இல்லையா என்று நீங்களே பாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர்களும் சம்மதித்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஓமுர்பேக் வீட்டு மணியை அடித்தேன். வேகத்தை ஏற்ற ஒரு புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, இலவசம் என்றேன். அவருடைய மனைவி வீட்டுக்குள் போடும் செருப்பைக் கொடுத்து உள்ளே விட்டார். மகள் கணினி முன்னால் இருந்து எழுந்து இடம் விட்டாள்.

"இனிமே சாயங்காலத்துல கட் ஆகாதுல்ல அண்ணே?"

"ஆகாது."

பென் டிரைவைச் செருகி, கறுப்புத் திரையில் கிளப்பி, அவர்களுக்கு உரிய பழைய எண்ணைத் தட்டினேன். இரண்டு முறை சரிபார்த்தேன், ஏப்ரலில் செய்யாததை. அப்புறம் எழுது என்று கட்டளை கொடுத்தேன். பத்து சதம், இருபது சதம் என்று ஏறியது. கரண்ட் போய்விடாதா என்று மனம் கெஞ்சியது. போனால் கார்டு செங்கல் ஆகும், அந்த வீட்டில் புதுக் கார்டு வேண்டும், எல்லாம் வெளியே வரும், நான் சொன்னதாக இருக்காது. தினமும் இரண்டு தடவை போகிற கரண்ட் அன்று அசையாமல் நின்றது. நூறு சதம் வந்ததும் அந்த வீட்டம்மா தேநீர் கொடுத்தார். குடித்தேன்.

மூன்று மணிக்கு சாய்ரா எஜே வீட்டில் ஹெச்.எம்., பள்ளியின் கம்ப்யூட்டர் வாத்தியார் வாதிம், பைகே, நான். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் நடைவழியில் நெருக்கிக்கொண்டு நின்றோம். உள்ளே மேஜையில் தன்னை விசாரிக்க வந்தவர்களுக்கு எஜே விருந்து விரித்திருந்தார். ரொட்டி, போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகள், ஆப்ரிகாட் பழ ஜாம், தேநீர்க் கிண்ணங்கள். தலைமுடியை இழுத்து வாரி, பள்ளிக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டிருந்தார். முகத்தில் கவலையே இல்லை. அதைப் பார்த்தபோது திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடவில்லை.

என் மடிக்கணினியைப் படிக்கட்டில் இருக்கும் எங்கள் இணைப்புப் பெட்டியில் செருகி வாசலில் வைத்தேன். நூற்றுப் பதினான்கைக் கூப்பிட்டேன். பதில், பதில், பதில் என்று வரி வரியாக ஓடியது.

"பாத்துக்கங்க," என்றார் எஜே. "இப்ப என் கார்டு பேசுது. நான் கம்பியப் பிடுங்கறேன். அதுக்கப்புறமும் பேசும். பேசினா அது என் வீடு இல்ல. சரிதானே வாதிம்?"

"சரிதான் எஜே," என்றார் வாதிம். அவருக்கு எஜே ஜெயிக்க வேண்டும் என்று ஆசை, முகத்திலேயே தெரிந்தது.

எஜே உள்ளே போனார். க்ளிக் என்று சத்தம் கேட்டது. கம்பியின் முனையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

திரையில் வரி நின்றது. பதில் இல்லை என்று வந்தது. அடுத்த வரியும் பதில் இல்லை. அதற்கடுத்ததும்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் எஜே. "வரும்."

பொறுத்தோம். திரை முழுக்க அதே வரிதான் நிறைந்தது. வாதிம் குனிந்து எண்ணைச் சரிபார்த்து நிமிர்ந்தார். ஹெச்.எம். கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னிக்கு வந்துச்சே," என்றார் எஜே. அப்புறம் என்னைப் பார்த்தார். "ஜூமார்ட், நீதானே சொன்ன? நீதானே போன்ல கேட்ட? இவங்ககிட்ட சொல்லுப்பா."

பைகே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு நான் வேற நம்பரத் தட்டச் சொல்லியிருப்பேன் எஜே," என்றேன். "தப்பா சொல்லிட்டேன்."

அவர் கத்தவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, எங்கே என்ன கழிந்தது என்று அந்த நொடியிலேயே போட்டுப் பார்த்துவிட்டார். அது அவர் கண்ணில் தெரிந்தது. கையிலிருந்த கம்பியை மெதுவாகச் சுருட்டி மேஜை ஓரத்தில் வைத்தார்.

"அறிக்கைய நான் திங்கக்கிழமை அனுப்பறேன் சாய்ரா," என்றார் ஹெச்.எம். எல்லோரும் செருப்பைத் தேடினார்கள்.

"இருங்க," என்றார் எஜே. "விரிச்ச மேஜைய அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது. ரொட்டிய வாயில வச்சிட்டுப் போங்க."

எங்கள் ஊரில் அதை யாரும் மறுக்க முடியாது. பகைவன் வீடானாலும் ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். அவரே தட்டை எடுத்து வாசலுக்கு வந்தார். ஹெச்.எம். ஒரு துண்டு பிய்த்துக்கொண்டார். வாதிம் பிய்த்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. பைகே பெரிய துண்டாகவே எடுத்தார். கடைசியில் தட்டு என் முன்னால் வந்தது.

"எடுத்துக்க ஜூமார்ட்," என்றார். "நெட்டு இனிமே விட்டு விட்டு வராதுல்ல?"

"வராது எஜே."

"நல்லா ரிப்பேர் பண்ணிட்ட. சாப்பிடு."

நான் எடுத்தேன். வாயில் போட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்க, மென்று விழுங்கினேன்.