புத்தர் படம் போட்ட நாளில் ஒரு மாத்திரை

1

“சாமி கும்பிட்டா நெஞ்சு எரியுமா?”

பக்கத்து வீட்டு நுவன் பெரியம்மா ஒரு காலையில் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் சோயாப்பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது.

“மருந்துக்கடை டாக்டரம்மாவைக் கேளுங்க பெரியம்மா.”

“வேணாம்டி. அவங்க மனசு கஷ்டப்படும்.”

2

அந்த மருந்துக்கடை டாக்டரம்மா விபாதாவைப் பற்றி முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘விபாதா கவனமில்லாத மருந்தாளுநர்.’ அடித்துவிட்டேன். அது பொய்.

வயல்வேலைக்காரர்கள் மூட்டுவலிக்குக் கேட்கும் கலப்பு மாத்திரைப் பொட்டலத்தை எங்கள் சந்தையில் விற்க மறுத்தவர் அவர் ஒருவர்தான். வலியை உடனே போக்கி, எலும்பை மெல்ல அரிக்கும் பொட்டலம். நுவன் பெரியம்மா அதை வேறு கடைகளில் வாங்கிப் பல வருஷம் விழுங்கியவர். அவர் எலும்பு தேய்வதை முதலில் கண்டுபிடித்ததும் விபாதாதான்.

“பெரியம்மா, போன வருஷம் இந்தக் கல்லா உங்க நெஞ்சு உசரம். இப்பக் கழுத்துக்கு வருது.”

“கல்லா வளந்திருக்கும்.”

“மரக்கல்லா வளராது. ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்பைப் படம் எடுங்க.”

3

ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மாத்திரையை விபாதாதான் எடுத்துக் கொடுத்தார்.

“வாரத்துக்கு ஒண்ணு. விடிஞ்சதும் வெறும் வயித்துல, பச்சைத்தண்ணி நெறையக் குடிச்சு. அப்புறம் அரைமணி நேரம் படுக்கக் கூடாது.”

“எந்தக் கிழமைன்னு எனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது?”

“நாட்காட்டில புத்தர் படம் போட்ட நாள் வாரா வாரம் வருதில்ல, அன்னிக்குப் போடுங்க. விகாரைக்குப் போக மறப்பீங்களா?”

“செத்தாத்தான் மறப்பேன்.”

இருவரும் சிரித்தார்கள்.

(வாசகரே, தவறு இங்கேயே நடந்து முடிந்துவிட்டது. எழுதும்போது நானும் கவனிக்காமல் தாண்டிப்போனேன்.)

பெரியம்மா சொன்னபடியே செய்தார். படுக்கவில்லை. மாத்திரையை விழுங்கிய கையோடு விகாரைக்குப் போய், நெற்றி தரையில் பட மூன்று முறை விழுந்து வணங்கினார். மாத்திரை மேலேறி உணவுக்குழாயைச் சுட்டது. அடுத்த புத்தர் நாளிலும் சுட்டது. கும்பிடுவதை நிறுத்த முடியாது, மாத்திரையை நிறுத்தினார்.

வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. மாதாமாதம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடைக்குப் போவார்.

“ஒழுங்காப் போடுறீங்களா பெரியம்மா?”

“ஆமாங்க டாக்டரம்மா.”

(நல்லது செய்தவரின் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல எங்கள் ஊரில் நாக்கு எழாது. இதைக் குறை என்று எழுதலாமா என்று யோசித்தேன். எனக்கும் அதே நாக்குதான்.)

4

விபாதா மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. பெரியம்மா வெயிலில் நிற்கிறாரா, சின்ன மீனை முள்ளோடு தின்கிறாரா, குளியலறை வழுக்குகிறதா என்றெல்லாம் கேட்டவர், மாத்திரை போட்டபிறகு என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தால்

இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.

5

பெரியம்மா அடுப்படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் விபாதா பார்க்க வந்தார். நான் சோயாப்பால் கொடுக்கப் போயிருந்தேன். கட்டிலருகே பிஸ்கட் டப்பா திறந்திருந்தது; உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். கும்பிடக் குனிந்ததும் நெஞ்சு எரிந்ததையும், மாத்திரையை நிறுத்தியதையும் பெரியம்மாவின் மகள் விபாதாவிடம் சொன்னாள்.

ஒரு முடிவில் விபாதாவை அழவைத்தேன். இன்னொன்றில் பெரியம்மாவை விகாரைப் படியேற்றினேன். இரண்டும் என் ஆசைகள். நான் கண்டது இவ்வளவுதான்:

“தப்பு என்னோடது பெரியம்மா. குனியக் கூடாதுன்னும் சொல்லியிருக்கணும்.”

“சேச்சே. உங்க மருந்து நல்ல மருந்துங்க.”

“ஆஸ்பத்திரில ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி போடுறாங்க. தொண்டைக்கு வேலையே இல்ல. இதையும் விட்டா அடுத்த இடுப்பும் போயிரும். போட்டுக்குவீங்களா?”

“ஆமாங்க டாக்டரம்மா.”

அதே சிரிப்பு, அதே ‘ஆமாங்க’. உண்மையானதா, மனசு நோகாமலிருக்கச் சொன்னதா? எனக்குத் தெரியவில்லை. வாசகரே, அந்த ஊசியை நீங்களே போடுங்கள், அல்லது போடாமல் விடுங்கள்.

விபாதா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா தலைமாட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். விபாதா இரு கையாலும் வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிப் போனார்.