சீனி போடாத கோகோ

ஐயாதுரைக்குப் பால்கோவா என்றால் உயிர். ராஜபாளையத்தில் மில் வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும். முதல் தடவை நெஞ்சுவலி வந்த அன்றோடு மகள் சண்முகத்தாய் அதை நிறுத்திவிட்டாள். மதுரையில் கோகோவை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பிள்ளை அவள். சொன்னால் சொன்னதுதான்.

டாக்டர் கொடுத்த மாத்திரையோடு, பாலும் சீனியும் இல்லாத கோகோவும் வீட்டுக்குள் வந்தது. சனிக்கிழமைதோறும் ஊருக்கு வந்து அவளே வெந்நீரில் கலக்கிக் கொடுப்பாள்.

"கருமம், வேப்பங்கொட்டையை அரைச்சாப்புல இருக்கு" என்று முகத்தைச் சுளிப்பார்.

"அந்தக் கசப்புதான்ப்பா ரத்தக்குழாயை இளக்கிக் குடுக்கும்."

"எங்கய்யாவும் அண்ணனும் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டுத்தான் போனாவ. எங்க வம்சத்து ரத்தம் அப்படி, தாயி."

"ரத்தத்துல இருந்தாலும் எல்லா ஜீனும் எப்பவும் வேலை செய்யாதுப்பா. நாம சாப்பிடுததைப் பொறுத்து சிலது முழிக்கும், சிலது உறங்கும். தினமும் குடிக்கணும், அம்புட்டுதான்."

ஆராய்ச்சிக்காரர்களே 'இருக்கலாம்' என்று இழுத்துக்கொண்டிருந்த தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் அவள் அடித்துச் சொன்னாள். பெற்ற அப்பன் விஷயத்தில் யாருக்குத்தான் 'இருக்கலாம்' போதும்? அவர் அவள் முகத்தையே பார்த்தபடி மடக் மடக்கென்று குடித்து முடிப்பார்.

ஆய்வை எழுதி முடிக்கிற நெருக்கடியில் இரண்டு மாதம் அவளால் ஊருக்கு வர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு, "கோகோ குடிக்கீங்களாப்பா?" என்று கேட்பாள்.

"அதெல்லாம் நடக்கு. நீ எப்ப வருத?"

அவள் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் படையலுக்குச் சண்முகத்தாய் பால்கோவா வாங்கி வந்தாள். ஆசைப்பட்டதைக் கடைசிவரை தின்ன விடவில்லையே என்று மனசை அறுத்தது. அதை இலையில் வைத்தாள்.

அம்மா வெள்ளத்தாய் ஒரு டம்ளர் வெந்நீரையும் கோகோ டப்பாவையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"இதையும் கலக்கி வைட்டி."

"பிடிச்சதைத்தானம்மா வைக்கணும். இது அப்பாவுக்கு ஆகவே ஆகாதே."

"கோகோ ஆகாது. நீ கலக்கிக் குடுக்கது பிடிக்கும். நான் குடுத்தா ஒரு நாளும் தொட்டதில்ல. 'அவ வரட்டும்'னு சொல்லிருவாவ."

சண்முகத்தாய் டப்பாவைத் திறந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்பு அவள் கரண்டி விட்டு எடுத்த பள்ளம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கரண்டி எடுத்து, அழுதுகொண்டே கலக்கினாள்.