ஞாயிறு காலை ஆறு மணிச் செய்தி

அண்ணி மூன்று நாளாக அவளோடு பேசவில்லை. வாயே திறக்கவில்லை என்று அர்த்தமில்லை. "டீ மேசையில இருக்கு", "துணி காஞ்சிடுச்சு" என்று சுவரைப் பார்த்து அறிவிப்பு வரும். ரயில் நிலையத்து ஒலிபெருக்கிகூட இதைவிடக் கொஞ்சம் பாசமாகப் பேசும்.

வீட்டில் இருப்பதே மூன்று பேர். அப்பா, அண்ணி, அவள். அண்ணனுக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை. கரையேற இன்னும் இரண்டு மாதம் ஆகும். அவள் மூச்சுவிடாமல் பேசுவதால் சின்ன வயதிலிருந்தே வீட்டில் ரயிலு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ரயிலும் மூன்று நாளாக யார்டில்தான் நின்றது. அண்ணி காது கொடுக்காவிட்டால் அந்த வீட்டில் பேசி என்ன பிரயோஜனம்? அப்பாவிடம் பேசினால் அவர் கேட்பது போலவே தலையாட்டிக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவார்.

அண்ணி கண் மருத்துவமனையில் முன்பதிவு மேசையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். ரயிலு, அந்த மருத்துவமனைக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக்கொடுத்த கம்பெனியில் புரோகிராமர். ஒரே மென்பொருளுக்கு முன்பக்கம் அண்ணி, பின்பக்கம் நாத்தனார். இத்தனை நாள் அது பெருமையாக இருந்தது. இப்போது அதுவே வினையாகிவிட்டது.

நடந்தது இதுதான். அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவர்களுக்கு முந்தின நாள் போனுக்கு ஒரு செய்தி போகும். அதிலிருக்கும் 'உறுதி செய்க' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கம் திறக்கும், தேதி உறுதியாகும். மறுநாள் காலை எட்டு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். வாரநாட்களில் அண்ணிதான் தன் கையால் 'அனுப்பு' என்று அழுத்துவாள். ஞாயிறு விடுமுறை என்பதால், திங்கட்கிழமைக்காரர்களுக்கு மட்டும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மென்பொருள் தானே அனுப்பும். இந்தத் தானாக அனுப்பும் ஏற்பாட்டை ரயிலுதான் இரண்டு மாதத்துக்கு முன்பு செய்துகொடுத்தாள். "இனிமே ஞாயித்துக்கிழமை நீங்க கால் நீட்டிப் படுங்க அண்ணி" என்று அன்றைக்கு ஒரே அலட்டல்.

அந்த இரண்டு மாதத்தில் பதினோரு பேர் இடத்தை இழந்தார்கள். பதினோரு பேரும் திங்கட்கிழமைக்காரர்கள். கடைசியாக இழந்தது ஒரு தையல்காரம்மா. ஊசியில் நூல் கோக்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டிய நிலையில், ஏழு வாரம் காத்திருந்தவர். அவர் இடம் பட்டியல்படி அடுத்தவருக்குப் போனது. அந்த அடுத்தவர் அண்ணியின் தெருவில் இருக்கும் பஸ் டிரைவர். அப்புறம் கேட்க வேண்டுமா? மேசையில் இருக்கிற அம்மா தெரிஞ்சவங்களுக்கு இடத்தை மாத்திக் கொடுக்குது என்று தையல்காரம்மா எழுதிக்கொடுத்துவிட்டார்.

மருத்துவமனை நிர்வாகி முதலில் மென்பொருள் கம்பெனியைத்தான் கேட்டார். தையல்காரம்மாவுக்குப் போன செய்தியை அப்படியே அனுப்பிவைத்தார். ரயிலு அதை ஆபீஸ் கணினியில் திறந்தாள், பொத்தானை அழுத்தினாள், பக்கம் பளிச்சென்று திறந்தது. அதைப் படம் பிடித்து இணைத்து, கடிதம் எழுதினாள்: "மென்பொருளில் குறை எதுவும் இல்லை. மேசையில் நேர்ந்த மனிதத் தவறாக இருக்கலாம்." மேசை என்றால் அண்ணி என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சொந்தம் வேறு, வேலை வேறு என்று மனதுக்குள் தானே தனக்கு ஒரு சால்வை போர்த்திக்கொண்டாள்.

அந்தக் கடிதத்தைப் பின்னால் வைத்து அண்ணிக்கு மெமோ வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் விளக்கம் தராவிட்டால் மேசையிலிருந்து நீக்கம்.

புதன்கிழமை சாயங்காலம் ரயிலு வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அண்ணி அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

"ரயிலு, கொஞ்சம் நில்லு."

முகத்தைப் பார்த்துப் பேசியது மூன்று நாளில் அதுதான் முதல் தடவை. கையில் மெமோ. பின்னால் குத்தியிருந்த கடிதத்தைப் புரட்டி, படம் இருந்த பக்கத்தை நீட்டினாள்.

"இது நீ எடுத்த படம்தானே?"

"ஆமா அண்ணி. நல்லா பாருங்க, பக்கம் திறந்திருக்கு. நான் என்ன பொய்யா எழுதினேன்?"

"பொய்யின்னு நான் சொன்னேனா? பெரிய நீதிபதி நீ, உன்னைப் போய் சொல்வேனா? நான் கேக்கறது வேற. மேல நீளமா ஒரு பட்டை இருக்கே, அதுல என்ன எழுதியிருக்குன்னு படி."

"அட்ரஸ்தான்."

"படிம்மா."

ரயிலு குனிந்தாள். படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஒன்பது வருஷமா தினம் காலைல ஆஸ்பத்திரி அட்ரஸை அடிச்சுத்தான் உள்ள போறேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது அது இல்லையே. இது யார் வீட்டு அட்ரஸ்?"

பட்டையில் இருந்தது லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல். கணினிகளின் பாஷையில் அதற்கு 'நான் இருக்கிற இதே இடம்' என்று பொருள். எந்தக் கருவியில் அழுத்துகிறோமோ அந்தக் கருவி தன் வயிற்றுக்குள்ளேயே தேடிப் பார்க்கும். ரயிலுவின் ஆபீஸ் கணினியில் சோதனைக்காக அதே மென்பொருளின் நகல் ஒன்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அங்கே திறந்தது. தையல்காரம்மாவின் போனுக்குள் என்ன இருக்கிறது திறப்பதற்கு?

"அண்ணி, அந்த மெசேஜ் உங்ககிட்ட இருக்கா?"

"அந்தம்மா சண்டை போட வந்தப்ப என் போனுக்கே அனுப்பிட்டுத்தான் கத்தினாங்க."

"அப்பா போனுக்கு அனுப்புங்க. அப்பா, கொஞ்சம் அந்தப் பொத்தானை அழுத்துங்களேன்."

அப்பா குறுக்கெழுத்தைக் கீழே வைத்துவிட்டு, பாம்புக்கு மாத்திரை கொடுப்பதுபோல் ஒரு விரலால் அழுத்தினார். "சுத்துதும்மா... சுத்துது... 'இணைக்க முடியவில்லை'ங்குது." மருமகளை நிமிர்ந்து பார்த்தார். "நான் எதையும் உடைக்கலையே?"

"நீங்க இல்ல மாமா" என்றாள் அண்ணி. யார் என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் ரயிலுவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் ஆபீஸில் அவள் டீயைக்கூடத் தொடாமல், தான் எழுதிய பழைய புரோகிராமைத் திறந்தாள்.

அவள் கண்டது புரிய வேண்டுமென்றால் முதலில் இது தெரிய வேண்டும். ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய இந்த மாதிரி மென்பொருள் தனியாக வாழாது. சர்வர் என்கிற பெரிய வீட்டுக்குள் குடியிருக்கும். அங்கே ஒவ்வொரு குடித்தனத்துக்கும் அதன் கூடத்தில் தனியாக ஒரு பலகை உண்டு. சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் என்பார்கள். கோப்புகள் எங்கே இருக்கின்றன, வெளியுலகத்துக்கு நம் முகவரி என்ன என்றெல்லாம் நிறுவுகிறவர் அதில் எழுதிவைக்கலாம். எழுதாவிட்டால் பலகைக்குத் தானாக எதுவும் தெரியாது. உள்ளே ஆளுக்கொரு வேலை செய்யும் பகுதிகளுக்கு சர்வீஸ் என்று பெயர். பலகையில் இருப்பது ஒரு சர்வீஸுக்கு வேண்டுமென்றால், பிறக்கும்போதே அதைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

செய்தி அனுப்பும் சர்வீஸுக்கு ரயிலு அதைக் கொடுக்கவில்லை. குறுக்கு வழியில் போயிருந்தாள். யாராவது உள்ளே வந்து பொத்தானை அழுத்தினால், அவர்கள் எந்த முகவரிக்கு வந்தார்களோ அதுவும் கூடவே வரும். வந்தவரிடமே கேட்டு முகவரியை எழுதிக்கொள்ளும்படி விட்டிருந்தாள். அண்ணி அழுத்தும் நாளெல்லாம் அது சரியாகவே நடந்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு சர்வீஸை எழுப்புவது கடிகாரம். வாசலில் யாரும் இல்லை. யாரைக் கேட்கும்? கேட்க ஆளில்லை என்று அது பிழை சொல்லிக் கத்தியபோது, கத்தாமல் இருக்க அவளே ஒரு வரி எழுதியிருக்கிறாள்: யாரும் இல்லாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டுக்கொள். பக்கத்தில் அவள் குறிப்பு: 'தற்காலிகம். அப்புறம் மாற்றணும்.'

குழந்தை அழுதால் ஏன் என்று பார்க்காமல் வாயில் துணியை வைத்த கணக்குதான்.

சர்வரில் பதிவான குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்பது ஞாயிறு. நூற்று நாற்பது செய்திகள். ஒன்றுகூட யாருக்கும் திறக்கவில்லை. அப்படியானால் பதினோரு பேர் மட்டும் இழந்தது எப்படி? நூற்று நாற்பது பேரும் அல்லவா போயிருக்க வேண்டும்?

மற்ற நூற்று இருபத்தொன்பது பேரையும் மேசையிலிருந்து யாரோ கையால் உறுதி செய்திருந்தார்கள். எல்லாம் திங்கள் காலை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில். மேசை திறப்பதே எட்டு மணிக்கு. லிங்க் திறக்கவில்லை என்று பதறிக் கூப்பிட்டவர்களின் போனை எடுப்பதற்காக அண்ணி ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிடத் தோன்றாதவர்கள் பதினோரு பேர். 'திங்கட்கிழமை மட்டும் கையால் உறுதி செய்தது ஏன்?' என்று மெமோவில் மூன்றாவது கேள்வியே இருந்தது.

திங்கட்கிழமைகளில் அண்ணி ஏன் அடுப்பைக்கூடத் துடைக்காமல் ஓடுகிறாள் என்று இரண்டு மாதமாக ரயிலு ஒருநாள்கூடக் கேட்டதில்லை. போதாததற்கு, அப்பாவிடம் குறையும் சொல்லியிருந்தாள்.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தார்.

"சரி பண்ணிடு. வழக்கமான அப்டேட்டோட அதுவும் போயிடும். லெட்டர்லாம் எதுக்கு? ஏற்கனவே ஒண்ணு எழுதியாச்சே."

"அந்த ஒண்ணாலதான் சார் இன்னொண்ணு எழுதணும்."

"அண்ணிக்காக நீ எழுதறேன்னு பேசுவாங்கம்மா."

"போன தடவையும் அண்ணின்னு தெரிஞ்சுதான் எழுதினேன். அப்ப யாரும் எதுவும் பேசலையே."

மேனேஜர் கன்னத்தை விட்டுவிட்டு நெற்றியைச் சொறிந்தார். "கம்பெனி பேர் கெடாம எழுது."

"என் பேரைப் போட்டு எழுதறேன்."

சாயங்காலத்துக்குள் அந்த வரியை அழித்தாள். மருத்துவமனையின் முகவரியைப் பலகையில் எழுதினாள். சர்வீஸ் பிறக்கும்போதே அதைக் கையில் வாங்கிக்கொள்ளும்படி மாற்றினாள். இன்னொன்றும் செய்தாள். பலகையில் முகவரி இல்லாவிட்டால் மென்பொருள் எழுந்திருக்கவே கூடாது, எல்லார் காதிலும் விழும்படி கத்த வேண்டும். அப்புறம் கடிதத்துக்கு உட்கார்ந்தாள். புரோகிராமை மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. கடிதத்துக்கு இரண்டரை மணி நேரம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நிர்வாகியின் அறையில் அண்ணி ஒரு நாற்காலியில், ரயிலு இன்னொன்றில். நடுவில் ஒரு காலி நாற்காலி. நிர்வாகி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப, போன வாரம் திறந்த படம் அனுப்பினீங்களே?"

"என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் சார் திறக்கும். உலகத்துல வேற எங்கயும் திறக்காது. நான் அழுத்திப் பார்த்தேன், மேல இருக்கிற அட்ரஸைப் படிக்கல. இவங்கதான் படிச்சாங்க."

"தப்பு யார் மேல?"

"என் மேல. மேசையில எந்தத் தப்பும் இல்ல. இவங்க ஒரு மணி நேரம் முன்னாடி வந்து போன் எடுக்காம இருந்திருந்தா நூத்தி நாப்பது பேரும் போயிருப்பாங்க. கடைசிப் பக்கத்துல நேரத்தோட கொடுத்திருக்கேன்."

நிர்வாகி கடைசிப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு மெமோவை அண்ணியிடமிருந்து வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டு, கையெழுத்துப் போட்டார். "ஏம்மா, காலைல சீக்கிரம் வர்றதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"லிங்க் திறக்கலன்னு கம்பெனிக்கு நாலு தடவை எழுதினேன் சார். திறக்குதுன்னு பதில் வந்துச்சு" என்றாள் அண்ணி. ரயிலு தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அந்த நாலு பதிலையும் அனுப்பியது அவள்தான்.

"அந்தத் தையக்காரம்மாவுக்கு எப்ப சார் தேதி?" என்று மட்டும் அண்ணி கேட்டாள். அடுத்த புதன் என்று முடிவானது. மற்றப் பத்துப் பேருக்கும் அந்த மாதத்துக்குள்.

வெளியே படியில் இறங்கும்போது ரயிலு, "அண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் இரு. இப்ப எதுவும் சொல்லாத. எனக்குக் கோபம் இன்னும் மிச்சம் இருக்கு, அதை இருக்க விடு" என்று அண்ணி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேசைக்குப் போனாள். வரிசையில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு ரயிலு எழுந்து வந்தபோது, சாப்பாட்டு மேசையில் விளக்கு எரிந்தது. அண்ணி உட்கார்ந்திருந்தாள். எதிரே அப்பா, சட்டை மாற்றி, தலை வாரி, பெண் பார்க்க வந்தவர்போல். அவர் எண்ணையும் சோதனைக்காகப் பட்டியலில் சேர்த்திருந்தாள் ரயிலு. மேசை நடுவில் அவர் போன். மூன்று டம்ளர் டீ. மூன்றாவது டம்ளர் யாருக்கு என்று கேட்க ரயிலுவுக்குத் தைரியம் வரவில்லை. மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

ஆறு மணிக்குப் போன் ஒரு தடவை அதிர்ந்தது. ரயிலுவின் கை தானாக நீண்டது.

அண்ணி அந்தக் கையை வெடுக்கென்று தட்டிவிட்டாள்.

"நீ தொடாத. உன் கையில எல்லாம் திறக்கும். மாமா, நீங்க அழுத்துங்க."

அப்பா அழுத்தினார். சுற்றியது. மூன்று தலையும் போன்மேல் கவிந்தன. பக்கம் திறந்தது. ரயிலு பெருமூச்சு விடப் போனாள்.

"இரு இரு" என்று அண்ணி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். மேலே இருந்த பட்டையில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, கடைசிவரை படித்தாள்.

"ம்" என்றாள். "எங்க ஆஸ்பத்திரிதான். டீயைக் குடி, ஆறுது."