நாற்பதாவது படிவம்

வேளாண் விரிவாக்கக் கல்வியில் முதுகலை படிக்கும் அவளுக்கு, ஆய்வேட்டுக்கு நாற்பது விவசாயிகளின் பேட்டி வேண்டும். முப்பத்தொன்பது பேரை வெயிலில் நாயாய் அலைந்து பிடித்துவிட்டாள். கடைசி வீட்டின் நீலக் கதவில் பூட்டு தொங்கியது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தைத் தானே நிரப்பினாள். படித்தவள் செய்கிற வேலையா? செய்தாள். பூச்சிமருந்து அடிக்கும்போது முகத்தை மூடுவீர்களா? ஆம். நம்பும்படி இருக்கட்டுமே என்று கீழே ஒரு வரியும் சேர்த்தாள்: "மூஞ்சிய மூடாம ஒருநாளும் மருந்தடிக்க மாட்டேம்மா. புள்ளைங்க இருக்குதுங்கல்ல."

வழிகாட்டிப் பேராசிரியைக்கு நாற்பது பேர் பேச்சிலும் பிடித்தது அந்த வரிதான். ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. பார்த்தேயிராத மனிதர் அவள் காதுக்குள் குடியேறினார். பல் தேய்த்தாலும், பாடம் நடத்திப் பழகினாலும் அதே வரி, நடுவில் ஓர் இருமலோடு. இருமலை அவள் எழுதவேயில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கடைசிப் பரீட்சை, நீலக்கதவு வீடு இருந்த அதே ஊரில் விவசாயிகளுக்குச் செயல்விளக்க வகுப்பு. தேறினால் பயிற்றுநர் வேலை கையில். பேராசிரியை மதிப்பெண் தாளோடு பின்வரிசையில் இருந்தார். கையுறை, முகமூடி எல்லாம் காட்டி முடித்து, பழக்கதோஷத்தில் அந்த வரியையும் சொன்னாள். "உங்க ஊரு நீலக்கதவு வீட்டுக்காரரே சொன்னது."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரா? என்னைக்கும்மா?"

"அறுவடை முடிஞ்ச வாரம்."

"அப்ப ஆஸ்பத்திரியில இல்ல இருந்தாரு? மருந்து நெஞ்சுல ஏறி, இருமி இருமியே போய்ச் சேர்ந்துட்டாரு. மூடிக்கிட்டு அடிங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல." அவள் குரல் கெஞ்சியது. "புள்ளைங்க இருக்குன்னு நெசமாவே சொன்னாரா? வேற என்னைக்காவது பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை போதும். இவளுக்கு வேலை, அவளுக்கு ஆறுதல். காதுக்குள் இருமல் நெருங்கி வந்தது.

"நான் அவரைப் பாக்கவே இல்லக்கா. வீடு பூட்டியிருந்துச்சு. அது நானா எழுதினது."

பின்வரிசையில் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. வேலை போனது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் மெல்ல உட்கார்ந்தாள். கோபம்கூட இல்லை அவள் முகத்தில்.

"இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்ச புள்ள, அறுவடைக்கு ஒரு மாசம் முன்னாடி வந்து அதை அவருகிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"