ராகு காலத்துக் காற்று

சவுதியின் கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் மாத வானிலையை நம்புகிறவன் மோசம் போவான். காலையில் ஸ்வெட்டர் கேட்கும், பத்து மணிக்கு ஏசி கேட்கும். கொஞ்சம் அசந்தால் வடக்குச் சமவெளியிலிருந்து காற்று புழுதியைச் சுருட்டிக்கொண்டு வந்து தலையில் கொட்டும். பின்னாலேயே ஆலங்கட்டி மழை. அதுவும் முடிந்ததும், எதுவுமே தெரியாத பிள்ளை போல வெயில் அடிக்கும். அரபிகள் இந்தப் பருவத்துக்கு சராயாத் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்ததோடு சரி, எந்த நேரத்தில் வரும் என்று அவர்களுக்கும் தெரியாது.

அல் கோபாரில் சைட் எஞ்சினியராக இருந்த ஸ்ரீனிவாசன் இந்த வானிலையை ஒரு நாளும் நம்பியதில்லை. அவர் நம்பியது ராகு காலத்தை. அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது, தாமரைக்காகப் பாக்குறேன்" என்பார். தாமரை அவர் மனைவி. சமையலறைக் காலண்டரில் தாளைக் கிழித்த கையோடு அன்றைய ராகு காலத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். ஒரு முறை அதைப் பார்க்காமல் புதுக் காரை ஓட்டி வந்து, வீட்டு வாசலிலேயே தண்ணீர் லாரியில் இடித்துக்கொண்டார். நம்பிக்கை இல்லாதவர்தான். ஆனால் அன்றிலிருந்து பயம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமையும் செய்தி வந்தது. "ஒன்பது டு பத்தரை. எதையும் ஆரம்பிக்காதீங்க."

அன்றைக்கு அவருக்கு இருந்ததே ஒரே ஒரு வேலை. ஏழு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு, ஒரு வேன் அளவுள்ள ஏசி யூனிட்டை கிரேனில் ஏற்ற வேண்டும். எட்டு மணிக்கு வர வேண்டிய வாடகை கிரேன் டிராஃபிக்கில் மாட்டி, சரியாக ஒன்பதுக்கு வந்து நின்றது. மேலே யூனிட்டை வாங்கி உட்கார வைக்க நிஷாந்தனும் இன்னும் மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். நிஷாந்தன் யாழ்ப்பாணத்துப் பையன், கயிறு கட்டும் வேலையில் சூரன். அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை.

"என்ன ஸ்ரீனி, ஆரம்பிக்கலாமா?" என்றார் ஆகில். அவர்தான் புராஜெக்ட் மேனேஜர், கீழக்கரைக்காரர்.

ஸ்ரீனிவாசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார். "கொஞ்சம் பொறுக்கலாம் ஆகில் பாய். காத்து வரும்போல இருக்கு."

ஆகில் அண்ணாந்து பார்த்தார். வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி கிடந்தது. கிரேன் ஓட்டும் பெஷாவர்க்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஹவா கிதர் ஹை, பாய்?" என்று காற்றைத் தேடுகிறவர் போல் கையை விரித்துச் சிரித்தார். மேலேயிருந்து வாக்கிடாக்கியில் நிஷாந்தனும் சேர்ந்துகொண்டான். "சேர், இஞ்ச ஒரு இலை கூட ஆடேல்லை. ஆடுறதுக்கு மரமும் இல்லை."

"வடக்கேருந்து வருது. ஃபோர்காஸ்ட்ல போட்டிருக்கான்" என்று ஸ்ரீனிவாசன் இன்னொரு முறை கண்ணாடியைத் துடைத்தார்.

"சரி, பத்தரை வரைக்கும் பாப்போம். காத்து வரலேன்னா பதில் நீங்கதான் சொல்லணும். கிரேன் பன்னெண்டுக்குக் கிளம்பிடும், அடுத்த வாரம்தான் மறுபடி கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு ஆகில் போய்விட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஸ்ரீனிவாசன் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை, அவர் புளுகு ஒன்றரை மணி நேரம் தாங்கினால் போதும். பொய்க்கு ஒரு முட்டுக்கொடுக்கலாம் என்று பாலகுருவுக்குப் போன் செய்தார். பாலகுரு கல்லூரி நண்பன், ஜுபைலுக்கு வடக்கே சாலை வேலையில் இருந்தான். அவன் பக்கம் ஒரு துண்டு மேகம் இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ஆகிலிடம் காட்டலாம். போன் போகவில்லை. மறுபடி அடித்தார், அப்போதும் போகவில்லை. சனியன் பிடித்த நெட்வொர்க் என்று திட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பத்தரை ஆனது. காற்று வரவில்லை, ராகு காலம் போய்விட்டது. ஸ்ரீனிவாசனே முதல் ஆளாக எழுந்து, "யல்லா, தூக்கலாம்!" என்று கை அசைத்தார். திரும்பி வந்திருந்த ஆகில் அந்த உற்சாகத்தைக் கவனித்துக்கொண்டே கிரேன்காரருக்குச் சைகை காட்டினார். யூனிட் தரையை விட்டு எழும்பி, மெல்ல மெல்ல நாலாவது மாடியைத் தாண்டியது.

அப்போது பாலகுரு கூப்பிட்டான்.

"டேய், கூப்பிட்டிருந்தியா? டவரே போச்சுடா. புழுதின்னா அப்படி ஒரு புழுதி, கண்ணுக்கு முன்னாடி கை தெரியல. ஷீட்டெல்லாம் பறந்து போச்சு, எங்க லாரி ஒண்ணு படுத்துடுச்சு. இப்பதான் இங்க விட்டுச்சு. உங்க பக்கம்தான்டா வருது. ஜுபைல தாண்டிடுச்சாம்."

ஸ்ரீனிவாசன் போனைக் காதிலிருந்து எடுத்தார். வடக்கே பார்த்தார். அடிவானத்தில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. காலையில் அது இல்லை. ஒன்பது மணிக்கே தூக்கியிருந்தால் இந்நேரம் யூனிட் உட்கார்ந்து, நான்கு பேரும் கீழே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். சுவரில்லாத மாடியில், அந்தரத்தில் தொங்கும் இரும்புக்காகக் காத்திருக்கும்படி, காற்று வருகிற நேரமாகப் பார்த்து அவர்களை நிறுத்தி வைத்தவர் அவரேதான்.

ஓடினார். ஐம்பதை நெருங்கும் தொப்பை அந்த சைட்டில் அதுவரை ஓடிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"ஆகில் பாய், நிறுத்துங்க! இறக்கச் சொல்லுங்க, மேல இருக்கிறவங்களையும் இறக்குங்க. காத்து வருது!"

"மறுபடியுமா?" என்றார் ஆகில். முகம் கடுகடுவென்று இருந்தது. "இன்னும் ரெண்டு மாடிதான் இருக்கு. இப்ப இறக்கினா இன்னைக்கு வேலை அவ்வளவுதான், தெரியுமில்ல?"

"தெரியும். காலையில சொன்னது பொய் பாய். ராகு காலம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் காத்துன்னு சொன்னேன். இப்ப சொல்றது நிஜம். என்னை வீட்டுக்கு வேணும்னாலும் அனுப்புங்க, அவனுங்கள முதல்ல இறக்குங்க."

ஆகில் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். "கலாஸ், போதும். எல்லாம் கீழ. ஜல்தி!"

யூனிட் இறங்க ஆரம்பித்தது. அது தரையைத் தொட்டுக் கொக்கி கழன்ற நேரம், பழுப்புக் கோடு சுவராக வளர்ந்து பக்கத்து வரிசைக் கட்டடங்களை விழுங்கிவிட்டது. மாடியிலிருந்து மூன்று பேர் படியில் தடதடவென்று வந்து சைட் ஆபீசுக்குள் விழுந்தார்கள். கதவைச் சாத்திய மறுநொடி காற்று அறைந்தது. தகரக் கூரை அலறியது. பட்டப்பகலில் ஜன்னலுக்கு வெளியே செக்கச்செவேல் என்று இருட்டியது.

"நிஷாந்தன் எங்க?" என்றார் ஸ்ரீனிவாசன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னாலேதான் வந்தான் என்றான் ஒருவன். மாடியில் பிளைவுட் பலகைகள் கிடக்கின்றன, பறந்தால் ரோட்டில் போகிறவன் கழுத்தை வெட்டிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான் என்றான் இன்னொருவன். ஸ்ரீனிவாசன் கதவைத் திறக்கப் போனார். ஆகில் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கூரையில் ஆலங்கட்டி விழத் தொடங்கியது, கல்லை வாரி இறைப்பது போன்ற சத்தம். ஸ்ரீனிவாசன் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டார். ராகுவைக் கூட விடவில்லை.

கதவு படாரென்று திறந்தது. தலையிலிருந்து கால்வரை சேறு பூசிய உருவம் ஒன்று உள்ளே வந்து, பல்லைக் காட்டியது.

"பலகையைக் கட்டிப்போட்டு, படிக்கட்டுக்குள்ள ஒதுங்கி ஒதுங்கி வந்தனான்" என்றான் நிஷாந்தன். கவிழ்த்துப் பிடித்திருந்த ஹெல்மெட்டில் கோலிக்குண்டு அளவில் ஐஸ் கிடந்தது. "சேர், டீக்கு வேண்டாம், ஜூசுக்கு ஆகும்."

ஸ்ரீனிவாசன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அழுகை முட்டியது, அதை மறைக்கவும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நிஷாந்தன் பக்கத்தில் வந்தான். "காலமையே காத்து வருமெண்டு சொன்னனீங்கள். நாங்கள்தான் பகிடி பண்ணினனாங்கள். குறை நினைக்காதேங்கோ."

"இல்லப்பா, நான் சொன்னது பொய். ராகு காலம்னு நிறுத்தினேன். நிறுத்தாம இருந்தா நீங்க எப்பவோ இறங்கியிருப்பீங்க."

நிஷாந்தன் ஹெல்மெட்டிலிருந்த ஐஸை மேசையில் கொட்டினான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "அப்ப ஒரு மாசத்துக்கு எங்களுக்கு டீ உங்கட கணக்கில."

"வடையும் சேத்து" என்றார் ஸ்ரீனிவாசன்.

சிறிது நேரத்தில் காற்று அடங்கி, வெயில் எட்டிப் பார்த்தது. எல்லோரும் வெளியே போனார்கள். தரையெங்கும் உப்பைக் கொட்டினாற்போல் ஐஸ். ஊட்டிக் குளிர் அடித்தது. மாடியில் கட்டிப் போட்ட பலகைகள் அப்படியே கிடந்தன.

"காலையில பொய் சொன்னவன நம்பி எப்படி பாய் இறக்கச் சொன்னீங்க?" என்று ஸ்ரீனிவாசன் கேட்டார்.

"நீங்க பொய் சொல்றப்பல்லாம் கண்ணாடியத் துடைப்பீங்க. நாலு வருஷமா பாக்குறேன். காலையில ரெண்டு தடவை துடைச்சீங்க. பத்தரை தாண்டினதும் குதிச்சு எழுந்தப்பவே விஷயம் புரிஞ்சுடுச்சு. எங்க வீட்டிலயும் அதே காலண்டர்தான் தொங்குது. ஓடி வந்து சொன்னப்ப நீங்க கண்ணாடியத் தொடவே இல்ல. அது மூக்குல கோணலாத் தொங்கிட்டிருந்துச்சு." ஆகில் சிரித்தார். "மேலிடத்துக்கு என்ன சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன். ஆனா அடுத்த வாரம் கிரேன் எப்ப வருதோ அப்பவே தூக்குவோம், சொல்லிட்டேன்."

"சத்தியமா பாய்."

பையில் போன் அடித்தது. தாமரை. பதற்றத்தில் குரல் கீச்சிட்டது. "ஏங்க, நல்லா இருக்கீங்களா? இங்க பால்கனிக் கண்ணாடியே உடைஞ்சு போச்சு! உங்க சைட்ல?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல தாமரை. எல்லாரும் தப்பிச்சோம்."

"அப்பாடா! பாத்தீங்களா, ராகு காலத்துல ஆரம்பிக்காததுனாலதான் தப்பிச்சீங்க. நான் சொன்னா நம்பவே மாட்டீங்க. இப்பவாவது ஒத்துக்குறீங்களா?"

ஆகில் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீனிவாசன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் நன்றாகத் துடைத்தார்.

"ஒத்துக்கறேம்மா" என்றார்.