ஜாராப் பலகைக்குக் கீழே

கெல்வின் என் கணவனின் தம்பி. கணவன் செத்த பிறகும் என்னை விடாத தலைவலி. எங்கள் மீன் வறுவல் கடையில் பாதி அவனுடையது. எண்ணெய்ச் சட்டியில் வேகிறவள் நான். அவன் சிங்கி இறால் படகிலிருந்து இறங்கிவந்து அதிகாரம் மட்டும் பண்ணுவான்.

வாசலில் தொங்கவிடப் பெரிய பெயர்ப்பலகை வேண்டும் என்றதுமே சண்டை தொடங்கியது. நான் அலுமினியத் தகடு கேட்டேன். லேசாக இருக்கும், உப்புக்காற்றையும் தாங்கும். அவனோ பழைய படகுத்துறையை இடித்தபோது எடுத்துவைத்த ஜாரா மரப்பலகையை இழுத்துவந்தான். கதவு அகலம், பிணக் கனம்.

"எங்கப்பா நின்ன துறை இது. உன் தகரத்த நாய்கூட மதிக்காது."

"நாயா வந்து மீன் வாங்கப்போகுது?"

சரி, மரமே இருக்கட்டும், மாட்டுவதையாவது ஒழுங்காக மாட்டு என்று இறங்கிவந்தேன். உத்தரத்தைத் துளைத்து மறுபக்கம் வரும், தலையில் வளையம் வைத்த போல்ட், அகல வாஷர், இரட்டை நட்டு, எல்லாம் கடலோரத்துக்கான ஸ்டெயின்லெஸ். நானே வாங்கியும் வைத்திருந்தேன். அவன் கையிலோ மரத்தில் திருகி ஏற்றும் கொக்கிகள், படகில் கழித்துப்போட்ட சங்கிலி.

சங்கிலியைப் பூட்டும் ஷேக்கிளின் திருகாணி ஆட்டத்தில் கழன்றுவிடும். அதனால் எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் அதைக் கம்பி சுற்றிக் கட்டாமல் துறையை விட்டு நகரமாட்டார்கள். இங்கே அதுவும் இல்லை.

"உன் படகுல இப்படி விடுவியா?"

"அது கடல், இது கடை. பலகை எங்க நீந்திப் போகப்போகுது?"

"மத்தியானமானா தினம் காத்து அடிக்குதே, அது என்ன விசிறியா?"

"உன் நச்சரிப்பு தாங்காமத்தான் எங்கண்ணன் சீக்கிரம் போய்ச்சேந்தான்."

நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. அவன் முன்னால் அழக்கூடாது என்று உருளைக்கிழங்கு வெட்டப் போய்விட்டேன்.

சனிக்கிழமை பலகை தொங்கியது. அதன் கீழேதான் ஆட்கள் உட்காரும் நீள மேசை. நான் ஓரமாக நகர்த்தினேன். அவன் திரும்ப இழுத்துப்போட்டான். மத்தியானக் காற்று எழுந்ததும் கொக்கிகள் முனக ஆரம்பித்தன. வாசலில் நீண்ட வரிசை.

ஒரு தட்டு மீன் வறுவலை அந்த மேசையில் வைத்தேன். "வா, உன் பலகைக்குக் கீழ உக்காந்து தின்னு."

தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனான். "நின்னு தின்னாத்தான் எனக்கு ருசி."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அப்போது அவன் மனைவி டாம்சின் வந்தாள். நிறைமாதம். எங்கள் சண்டை எதுவும் அவளுக்குத் தெரியாது. "கால் கடுக்குது, கெல்" என்று பலகைக்கு நேர்கீழே உட்காரப் போனாள்.

"அங்க உக்காராத!"

அவன் கத்தியதில் தட்டு தரையில் விழுந்தது. வரிசையே திரும்பிப் பார்த்தது. "ஏன்?" என்றாள் அவள், பயந்துபோய்.

கெல்வின் பலகையை அண்ணாந்து பார்த்தான்.

"சொல்லேன்" என்றேன். "ஊரான் பெண்டாட்டி மட்டும் உக்காரலாமா?"

மேசையை அவனே ஓரம்கட்டினான். என் போல்ட்டுகளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். பலகையிலும் உத்தரத்திலும் துளைத்துப் பூட்டி, ஒவ்வொரு ஷேக்கிளுக்கும் கம்பி சுற்றி, கடைசியில் சங்கிலியைப் பிடித்துத் தானே தொங்கிப் பார்த்தான். மன்னிப்பு அவன் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்.

"இனி உன் தலையில விழாது" என்றான் இறங்கியபடி. "எனக்குத்தான் நஷ்டம்."

மேசையைப் பழைய இடத்துக்கே தள்ளி, டாம்சினை அதில் உட்காரவைத்து, அவளுக்கு மட்டும் ஒரு தட்டு வைத்தேன்.